நாலு ஃபண்டு, ஒரே பொண்ணு

என் வீட்டுக்காரர் என்னோடு ஒரே பஸ்ஸில் ஏறியதே கிடையாது. கல்யாணமான புதிதில் கடலூரிலிருந்து சிதம்பரம் தேர் பார்க்கக் கிளம்பினோம். ஜன்னலோரமாக இடம் பிடித்து என்னை உட்காரவைத்து, மடியில் பூவும் வாழைப்பழமும் வைத்துவிட்டு, "நீ போ புள்ள, நான் அடுத்த பஸ்ல வர்றேன்" என்று சொல்லி இறங்கிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பழத்தை ஜன்னல் வழியாக வீசினேன். பக்கத்து சீட்டு அம்மாள் என் கையைத் தடவி, "புதுசுல அப்பிடித்தாம்மா சண்ட வரும், சரியாப் பூடும்" என்றாள். எங்களுக்குள் சண்டையே இல்லை என்று அவளை நம்பவைக்க என்னால் முடியவில்லை.

காரணம் அப்புறம்தான் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேருமே கடலோரத்துக்காரர்கள். நான் பிச்சாவரம் பக்கம் பிறந்தவள், அவர் கடலூரை ஒட்டிய மீனவக் கிராமம். எங்கள் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. அப்பனும் மகனும் ஒரே போட்டில் தொழிலுக்குப் போகமாட்டார்கள், அண்ணன் தம்பியும் ஏறமாட்டார்கள். ஒரு போட்டுக்கு ஏதாவது ஆனாலும் வீட்டைப் பார்க்க ஒரு ஆள் மிஞ்ச வேண்டும் என்பதற்காக. அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், ஒருநாள் ஆள் குறைகிறது என்று அவருடைய அப்பாவும் அண்ணனும் ஒரே போட்டில் போனார்கள். இரண்டு பேரும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் எதையும் ஒரே இடத்தில் வைத்ததில்லை.

வீட்டுச் சாவி இரண்டு இடத்தில் இருக்கும். நகை இரண்டு பேங்கில் இருக்கும். அரிசி மூட்டையைக்கூட சமையல்கட்டில் ஒன்று, மாடியில் ஒன்று என்று வைப்பார். படித்து, கூலிக்கு வேலை பார்த்து, கடன் வாங்கித் துறைமுகத்தில் ஒரு ஐஸ் கம்பெனி வைத்தார். அது நிமிர்ந்ததும் அதையே பெருசாக்குவார் என்று பார்த்தால், பிச்சாவரம் பக்கம் இறால் குட்டை எடுத்தார். குட்டையில் காசு வந்ததும் காடாம்புலியூரில் ஒரு முந்திரிக் கொல்லை வாங்கினார். "கடல் மோசம் பண்ணா கொல்ல நிக்கும், மழ மோசம் பண்ணா குட்ட நிக்கும்" என்பார். மூன்றுக்கும் அலைந்து அலைந்தே மனுஷனுக்கு மூட்டு தேய்ந்தது.

பாப்பா பிறந்தபோது எனக்கு உயிர் போய் வந்தது. இன்னொன்று வேண்டாம், தாங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சிதம்பரத்தில் இருக்கும் என் தம்பிக்கு வாய் நீளம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"எல்லாத்தயும் பிரிச்சுப் பிரிச்சு வெக்கிறீங்க மாமா, புள்ளைய மட்டும் ஒண்ணோட நிறுத்திட்டீங்களே!"

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

பாப்பா வந்த பிறகு இந்தத் தனித்தனிப் பயணம் இன்னும் கெட்டியாகிவிட்டது. நான் ஒருநாள் கத்தினேன், இப்படியே காலம் பூரா பஸ் மாற்றிக்கொண்டே இருப்பதா என்று. அவர் கோபப்படவில்லை. "ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிட்டா இவள யாரு பாத்துக்குவா? ஒருத்தராவது மிஞ்சணுமா வேணாமா?" என்றார். தூங்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்கிற ஆளிடம் என்ன சண்டை போடுவது? விட்டுவிட்டேன். பாப்பாவுக்கு அது விளையாட்டாகிப் போனது. எந்த விசேஷத்துக்குப் போய் இறங்கினாலும் "அப்பா எங்க?" என்று யாராவது கேட்பார்கள், அவள் உடனே "அடுத்த பஸ்!" என்பாள். கல்யாண வீட்டுக்காரர்கள்கூட எங்களுக்கு இரண்டு பந்தியில் இலை போடப் பழகிவிட்டார்கள்.

பாப்பா கெட்டிக்காரி. கடல் உயிரினங்களைப் பற்றிப் படித்தாள். மேல்படிப்புக்குப் போர்ச்சுகல் போகிறேன் என்று வந்து நின்றாள். அது எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, "நம்ம பரங்கிப்பேட்டைக்கு கப்பல்ல வந்தாங்கள்ல, அவுங்க ஊருதாம்மா" என்றாள். அவள் அப்பா தடுக்கவில்லை. படிப்பை முடித்து லிஸ்பனிலேயே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்கும் சேர்ந்தாள். தினமும் போனில் பேசுவாள். சிதம்பரத்துக் கொத்சு வேண்டும், அங்கே கிடைக்கிற கத்திரிக்காய் தலையணை மாதிரி இருக்கிறது, அதை வைத்துக் கொத்சு கிண்டினால் சாம்பார் மாதிரி ஆகிறது என்று புலம்புவாள். நான் சிரிப்பேன். அந்தப் புலம்பலைக் கேட்கத்தான் நான் போனையே எடுப்பேன்.

ஒருநாள் கொத்சைப் பற்றிப் பேசாமல், "அம்மா, அப்பாவக் கூப்புட்டு ஸ்பீக்கர்ல போடு" என்றாள். ரத்தத்தில் புற்று என்று சொன்னாள். சளி பிடித்திருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். அவர்தான் கேள்வியெல்லாம் கேட்டார். வைத்தியம் ஆரம்பித்துவிட்டார்கள், நடுவில் நிறுத்தி ஊர் மாறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அங்கே நல்லபடியாகப் பார்க்கிறார்கள் என்றாள். நீ வா என்று நான் சொன்னதற்கு, "நீங்க வாங்க" என்றாள்.

போனோம். ஆனால் எப்படிப் போனோம்? சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிற வீசாவில் ஆறு மாதத்துக்கு மூன்று மாதம்தான் இருக்கலாம். அவள் தனியாக இருக்கக்கூடாது என்று மாறி மாறிப் போனோம். நான் இருந்துவிட்டு வந்தால் அவர் போவார், அவர் வந்தால் நான் போவேன். ஒவ்வொரு முறையும் புதிதாக வீசா கேட்க வேண்டும். ஒருமுறை எனக்கு வீசா வர இழுத்தடித்து, அவர் திரும்பி வந்துவிட்டார், நான் போய்ச் சேரவில்லை. பிள்ளை ஊசி போட்டுக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டு தனியாகக் கிடந்தாள். வீசா ஆபீஸ் வாசலில் நான் போட்ட சத்தத்துக்கு செக்யூரிட்டிக்காரர் வந்து தண்ணீர் கொடுத்தார். "பரங்கிக்காரன் கப்பல் நம்ம ஊருக்கு வந்தப்ப எவன்டா அவன்கிட்ட வீசா கேட்டான்?" என்று அவரிடம் கேட்டேன். பாவம், அந்த மனுஷன் என்ன செய்வார்?

பாப்பாவே எங்களை அங்கே வரவழைத்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. ஆனால் பெற்றவர்கள் பிள்ளையின் சம்பாத்தியத்தை நம்பி வாழ்கிறவர்களாக இருக்க வேண்டும். நாங்கள் சொந்தத் தொழில்காரர்கள், எங்களுக்கு அது பொருந்தாது என்றார்கள். அடுத்த முறை நான் அங்கே இருந்தபோது ஒரு மத்தியானம், முடியெல்லாம் கொட்டிப்போன தலையை என் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாம்மா வேணும். நீயும் அப்பாவும் ஒரே நேரத்துல இங்க இருக்கணும். மூணு பேரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடணும். சின்ன வயசுலேர்ந்து ஒருத்தர் வந்தா இன்னொருத்தர் இல்ல."

அதை நான் வந்து அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் யாரிடமோ விசாரித்து சென்னையில் ஒரு ஏஜென்ட்டைப் பிடித்துவிட்டார். அந்த நாட்டில் முதலீடு செய்தால் அங்கே குடியிருக்க கார்டு தருகிறார்கள், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போய் இருக்கலாம் என்று. எவ்வளவு என்று கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. அவர் மட்டும், "வேற எதுக்கு சம்பாரிச்சோம்?" என்றார்.

ஐஸ் கம்பெனி ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அந்த ஏஜென்ட்டோடு பேசினோம். சின்ன வயசுப் பையன், வாய் நிறைய அங்கிள், ஆன்ட்டி. வீடு வாங்கிக் கார்டு வாங்குகிற வழியை மூடிவிட்டார்கள், இப்போது ஃபண்டு வழிதான் என்றான். அந்த நாட்டுக் கம்பெனிகளில் பணம் போடுகிற ஃபண்டுகள் பல இருக்கின்றன. அதில் ஒன்றில் போட்டு, சில வருஷம் எடுக்காமல் வைக்க வேண்டும்.

"ஒண்ணுலயேவா?" என்றார் இவர்.

"ஒண்ணே போதும் அங்கிள். வேலையும் சுலபம்."

"அந்த ஒண்ணு முழுகிட்டா?"

"கார்டுக்கு நீங்க போட்ட தொகைதான் அங்கிள் கணக்கு. ஃபண்டு கொஞ்சம் ஏறுனாலும் எறங்குனாலும் பிரச்சன இல்ல. ஃபண்டையே இழுத்து மூடிட்டாதான் சிக்கல். வேணும்னா நாலஞ்சா பிரிச்சும் போடலாம், மொத்தம் சேர்ந்தா சரி. ஆனா ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபீஸு, தனி பேப்பரு. செலவு ஜாஸ்தி ஆவும்."

"ஆவட்டும். நாலாப் பிரி தம்பி."

அவன் நாலு ஃபண்டு காட்டினான். இவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "நாலும் ஒரே எடத்துலதான வல போடுது? அப்பறம் எதுக்கு நாலு போட்டு?" என்று கேட்டார். அவன் பட்டியலை மறுபடி பார்த்துவிட்டு, ஆமாம் அங்கிள், இதில் இரண்டு ஃபண்டு ஒரே மாதிரி புதுக் கம்பெனிகளில்தான் போடுகிறது என்றான். அதில் ஒன்றை எடுத்துவிட்டு வேறு போட்டார்கள். கடைசியில் ஒன்று சூரிய மின்சாரம், ஒன்று மருந்துக் கம்பெனிகள், ஒன்று விவசாயம், ஒன்று புதுக் கம்பெனிகள். மீன் பதப்படுத்துகிற கம்பெனிகளுக்கும் ஒரு ஃபண்டு இருந்தது. அதை மட்டும் அவர் தொடவேயில்லை. அன்று வீட்டுக்கு வரும்போது அவருக்கு முகமெல்லாம் தெளிவு. பாப்பாவுக்குப் போன் போட்டு நாலையும் விளக்கினார். "அப்பா, ஃபண்டும் அடுத்த பஸ்லதான் வருமா?" என்று அவள் கேட்டாள். நாங்கள் மூன்று பேரும் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஆனால் நாலு ஃபண்டு என்றால் நாலு வாசல். நாலு பேரும் தனித்தனியாக, நீ யார், உனக்கு இந்தப் பணம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். சிதம்பரத்து ஆடிட்டரிடம் என் தம்பி நடையாய் நடந்தான். ஒருவர் கேட்ட காகிதம் இன்னொருவருக்குப் போதவில்லை. ஒருவர் ஒத்துக்கொண்ட கையெழுத்தை இன்னொருவர் திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம், மூன்று வாரம். "ஒண்ணுல போட்டுத் தொலைச்சிருந்தா இந்நேரம் பாப்பாகிட்ட இருந்துருக்கலாம்" என்று நான் குதித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. இடையில் பேங்கில் வேறு ஒன்று சொன்னார்கள். ஒரு ஆள் ஒரு நிதியாண்டில் இவ்வளவுதான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று வரம்பு இருக்கிறது, உங்கள் பெயரில் மட்டும் முழுவதும் போகாது என்று.

அவருக்கு அது கஷ்டமாகவே தெரியவில்லை. சந்தோஷப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம். "அப்ப நல்லதாப் போச்சு. ரெண்டு ஃபண்டு என் பேர்ல, ரெண்டு ஃபண்டு உன் பேர்ல. எனக்கு ஒண்ணு ஆனாலும் உன்னுது நிக்கும்" என்றார். வீட்டுப் பத்திரமும் அப்படித்தான் இருக்கிறது, கொல்லையும் அப்படித்தான் இருந்தது. புருஷன் பெண்சாதி பெயரில் பாதிப் பாதி வைப்பதை யாராவது வக்கீலிடம் கேட்டுவிட்டா செய்வார்கள்? அந்த ஏஜென்ட் ஆபீஸிலும் ஒவ்வொரு ஃபண்டை ஒவ்வொரு ஆள் பார்த்தார்கள். நாலையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பணம் போய்விட்டது.

நாலையும் சேர்த்துப் பார்த்தது ஏஜென்ட் லிஸ்பனில் எங்களுக்காகப் பிடித்திருந்த வக்கீல் அம்மாதான். மனு போடுகிற நேரத்தில் பார்த்திருக்கிறார். ஏஜென்ட் பையன் போன் செய்தபோது அவன் குரலே சரியில்லை.

"அங்கிள், மெயின் அப்ளிகன்ட் ஒருத்தர் பேர்லயே மொத்தமும் இருக்கணும். உங்க பேர்ல பாதிதான் இருக்கு. ஆன்ட்டி பேர்ல இருக்கறது சேராது."

"அவ என் சம்சாரம்யா."

"தெரியும் அங்கிள். இருந்தாலும் சேராது."

என் பெயரில் போட்டதை எடுத்து அவர் பெயருக்கு மாற்றிவிடலாம் என்றால், அந்த ஃபண்டுகளை வருஷக்கணக்கில் திறக்க முடியாது. அவர் பெயரில் மீதிப் பாதியை மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டும். அதையும் அவர் உடனே அனுப்ப முடியாது, வரம்பு தீர்ந்துபோயிருந்தது. ஏப்ரல் பிறக்க வேண்டும். நான் அந்தப் பையனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உன் அம்மாவுக்கு ஒன்று என்றால் இப்படித்தான் பார்ப்பாயா என்று கேட்டேன். அவன் போனை வைக்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் என்னைத் தடுக்கவும் இல்லை, அவனைத் திட்டவும் இல்லை. நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

இறால் குட்டையை விற்றோம். முந்திரிக் கொல்லையை விற்றோம். அவசரத்துக்கு விற்கிறோம் என்று தெரிந்தால் விலை எப்படிப் படியும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொல்லையை எழுதிக்கொடுத்துவிட்டு வரும் வழியில் பண்ருட்டியில் காரை நிறுத்தி அவர் ஒரு பலாப்பழம் வாங்கினார். எதற்கு என்று கேட்டேன். "இனிமே காசு குடுத்துதான வாங்கணும்" என்றார். மூன்று இடத்தில் வேர் விட்டு நின்ற மனுஷனுக்கு இந்த ஊரில் மிஞ்சியது ஐஸ் கம்பெனி ஒன்றுதான். ஏப்ரலில் அவர் பெயரில் மீதியும் போனது. அதையும் இரண்டாகத்தான் பிரித்துப் போட்டார். எனக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை.

மனு போய்ச் சேர்ந்தது. அடுத்தது கைரேகை வைக்கக் கூப்பிடுவார்கள், அது ஆனால் கார்டு. கூப்பிடவில்லை. வரிசை நீளம் என்றார்கள். தினமும் சாயங்காலம் அவர் போனை எடுத்துப் பார்ப்பார், என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். பாப்பாவுக்கு நடுவில் நன்றாகத்தான் இருந்தது. முடி வளர ஆரம்பித்தது. ஒரு பெரிய சாப்பாட்டு மேஜை வாங்கியிருக்கிறேன், மூன்று நாற்காலி போட்டிருக்கிறேன் என்று வீடியோவில் காட்டினாள். "எது யாரு நாற்காலின்னு நீங்களே வந்து சண்ட போட்டுக்கோங்க" என்றாள்.

பிறகு நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரியிலிருந்தே பேசினார்கள். உடனே வாருங்கள் என்று சொன்ன பெண்ணின் குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டியதும் இரண்டு பேருக்கும் வீசா கொடுத்துவிட்டார்கள். அத்தனை வருஷமாக இழுத்தவர்கள் அன்றைக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. என் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே விமானத்தில் டிக்கெட் போட்டுக்கொண்டு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தான். இவர் டிக்கெட்டைப் பார்த்தார். தம்பியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"என்னுத நாளைக்கு மாத்து மச்சான்."

நான் பெட்டியில் துணியை அடைத்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த புடவையைச் சுருட்டி அவர் மேல் எறிந்தேன்.

"இப்பவுமா மாமா? இப்பவுமா?"

"இப்பதான் புள்ள ஜாக்கிரதையா இருக்கணும். ரெண்டு பேருல ஒருத்தர் கண்டிப்பா அவகிட்ட போய்ச் சேரணும். ப்ளைட்டு கோளாறு ஆவலாம், எங்கியாவது எறக்கி வுடலாம். நீ முன்னாடி போ. நான் வேற கம்பெனி ப்ளைட்டுல பின்னாடியே வர்றேன். ஒரு நாளுதான?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் கீழே விழுந்த புடவையை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். அவர் சொன்னதில் தப்பு என்று ஒன்றைக்கூட என்னால் எடுத்துக்காட்ட முடியவில்லை. அந்தக் கணக்கில்தான் நாங்கள் இத்தனை காலம் வாழ்ந்திருந்தோம், அதில்தான் அவளை வளர்த்தோம்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாப்பாவுக்கு நினைவு இருந்தது. முகம் சுருங்கிச் சின்னப் பிள்ளையாகிவிட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதடு விரிந்தது. கண் எனக்குப் பின்னால் கதவுப் பக்கம் போயிற்று.

"அப்பா அடுத்த ப்ளைட்டா?"

"ஆமாண்டி தங்கம். நாளைக்கு வந்துடுவாரு."

"நாளைக்கு மூணு பேரும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கொத்சு கொண்டாந்தியா?" என்று கேட்டாள். நான் எதுவும் கொண்டுபோகவில்லை. கிளம்பின அவசரத்தில் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. நாளைக்கு அப்பா கொண்டுவருவார் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவள் அப்பா கிளம்பிவிட்டாரா, எங்கே வந்திருப்பார், இப்போது எந்தக் கடலுக்கு மேலே இருப்பார் என்று அவ்வப்போது கண்ணைத் திறந்து கேட்டாள். நானும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவர் விமானம் இறங்குவதற்கு முன்பே என் பிள்ளை போய்விட்டாள்.

அவர் அந்த நீளமான நடைபாதையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக வந்தார். என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். நான் ஓடிப்போய் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினேன். "கேட்டுக்கிட்டே இருந்தா மாமா, உன்னையே கேட்டுக்கிட்டு இருந்தா" என்று கத்தினேன். அங்கிருந்தவர்களுக்கு எங்கள் பாஷை தெரியாது, ஆனாலும் எல்லாருக்கும் புரிந்திருக்கும். அவர் என்னைப் பிடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அடியை வாங்கிக்கொண்டு நின்றார். பையில் ஒரு டப்பா இருந்தது. நான் கிளம்பிய பிறகு சிதம்பரத்திலிருந்து கொத்சு வாங்கிவரச் சொல்லி, மூடியைப் பிளாஸ்டிக் டேப்பால் ஒட்டி, அத்தனை விமான நிலையத்தையும் தாண்டிக் கொண்டுவந்திருந்தார். சொல்லாமலே அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

உடலை ஊருக்கு அனுப்ப வழி இருந்தது. பெட்டியில் அடைத்துச் சாமானோடு சாமானாக அவளை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. அங்கேயே தகனம் செய்தோம். அவள் வீட்டைக் காலி செய்தபோது அந்த மேஜையை நாங்கள் உட்காராமலேயே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். அந்த வாரத்தில்தான் ஏஜென்ட் பையன் போன் செய்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. கைரேகைக்குத் தேதி கிடைத்துவிட்டது அங்கிள் என்று சந்தோஷமாகச் சொன்னான். ஸ்பீக்கரில் இருந்தது, நானும் கேட்டேன்.

"இன்னொரு நல்ல விஷயம் அங்கிள். நீங்க பிரிச்சுப் போட்டீங்கள்ல, எல்லா ஃபண்டும் சூப்பரா போவுது. ஒண்ணுகூட எறங்கல."

அவர், "சரி தம்பி" என்றார். நான்தான் போனைப் பிடுங்கினேன். திட்டத்தான் பிடுங்கினேன். ஆனால் வாயைத் திறந்ததும், "எம் பொண்ணு போயிட்டாப்பா" என்பதுதான் வந்தது. அந்தப் பையன் அந்தப் பக்கம் அழுதுவிட்டான்.

வந்தது போலவே திரும்பினோம். டிக்கெட் தனித்தனியாகத்தான் போட்டிருந்தது, அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் முன்னால் வந்தேன். அவர் மறுநாள் அஸ்தியோடு வந்தார்.

கடலில் கரைக்க ஏற்பாடு செய்தார்கள். எங்கள் பக்கம் பெண்கள் இதற்கெல்லாம் போட்டில் போகிற பழக்கம் இல்லை. சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "பெத்தவ நான், கரையில நின்னு வேடிக்க பாக்கவா?" என்று நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் அடங்கிவிட்டார்கள். காலையில் நாங்கள் கரைக்குப் போனபோது இரண்டு ஃபைபர் போட்டு தயாராக நின்றன. இரண்டிலும் ஆள் இருந்தது. என் தம்பி செய்த ஏற்பாடு. யாரும் அவனிடம் சொல்லவில்லை, அத்தனை வருஷப் பழக்கத்தில் அவனாகவே செய்துவிட்டான்.

"மாமா, நீங்க பாப்பாவோட இதுல ஏறுங்க. அக்காவ நான் அந்த போட்டுல கூட்டியாறேன்" என்றான்.

அவர் அஸ்திக் கலயத்தை மார்போடு பிடித்துக்கொண்டு தண்ணீரில் முழங்காலளவு நின்றிருந்தார். இரண்டாவது போட்டைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"அது வேணாம் மச்சான். அனுப்பிடு."

"இல்ல மாமா, எப்பவும் நீங்க..."

"அது புள்ளைக்காக. இனிமே யாரப் பாத்துக்க ஒருத்தர் மிஞ்சணும்?"

தம்பி மணலில் அப்படியே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவர் கலயத்தை ஒரு கையில் மாற்றிக்கொண்டு இன்னொரு கையை என் பக்கம் நீட்டினார். "ஏறு புள்ள" என்றார். நான் ஏறினேன். அவரும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, கலயத்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். மூன்று பேரும் ஒரே போட்டில் போனோம்.